நாலு சக்கரமும் சுத்தணும்

— ஸ்டியரிங்க இறுக்கிப் பிடிக்காதீங்கன்னு ஊர்ல இருக்கற பொம்பளைங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கறவ நீ. இப்ப உன் கைய நீயே பாரு. நரம்பு பூரா வெளிய வந்துடுச்சு.

— அத்தை, கொஞ்ச நேரம் பேசாம வாங்க. வண்டி நான் சொல்றதக் கேக்க மாட்டேங்குது. ஒரு பக்கம் திருப்பினா, யோசிச்சு யோசிச்சுத்தான் திரும்புது.

— உன் மாமனார் மாதிரி. எதச் சொன்னாலும் தலைய ஆட்டிடுவாரு. காரியம் நடக்கறதுக்குள்ள நமக்கு வயசாயிடும்.

— இத்தன வருஷமா டிரைவிங் ஸ்கூல் நடத்தறேன். மணல்ல இன்னிக்குத்தான் முதல் தடவ சக்கரம் வைக்கறேன். ரோட்டுல ஓட்டற மாதிரியே இல்ல, படகு ஓட்டற மாதிரி இருக்கு.

— இப்ப எதுக்கு இண்டிகேட்டர் போட்ட?

— திரும்பறேன்ல.

— யாருக்குக் காட்டற? கண்ணுக்கு எட்டின தூரம் ஒரு காக்கா கூட இல்ல.

— பழக்கம். கை தானாப் போகுது.

— அப்படியே கண்ணாடியப் பாத்துக்க. பின்னாடி மணல் ஓவர்டேக் பண்ணப் போகுது.

— சிரிக்க வைக்காதீங்க அத்தை. சிரிச்சா கால் தளரும், கால் தளர்ந்தா வண்டி நிக்கும், நின்னா புதைஞ்சிடும். வண்டி குடுத்த ஒர்க்‌ஷாப் அண்ணன் காலையில படிச்சுப் படிச்சு சொன்னாரே, நீங்களும் பக்கத்துலதான இருந்தீங்க.

— எனக்கென்னம்மா தெரியும். அவர் பேசினது உங்கிட்ட. நான் டீ குடிச்சிக்கிட்டு இருந்தேன்.

— டயர்ல பாதிக் காத்த இறக்கிடணும். பிரேக் போடக் கூடாது, கால எடுத்தாப் போதும், மணலே பிடிச்சு நிறுத்திடும். அப்புறம் கியர் பக்கத்துல இருக்கற இந்த உருண்டை ஸ்விட்ச நாலுல வைக்கணும். நாலுல இருந்தா நாலு சக்கரமும் இழுக்கும். ரெண்டுல இருந்தா பின்சக்கரம் ரெண்டு மட்டும்தான் சுத்தும், அது தார் ரோட்டுக்கு. முடிஞ்சது பாடம்.

— எல்லாத்தயும் இறக்கியாச்சு, வச்சாச்சு. அப்புறம் எதுக்கு உன் இடது கால் அப்படி துடிக்குது?

— அது நீங்க உக்காந்திருக்கற சீட்டுக்குப் பழகின கால். ஸ்கூல் கார்ல எனக்கு அந்தப் பக்கம் தனியா ஒரு பிரேக் இருக்கும். யார் எங்க மோதப் போனாலும் நான் அமுக்கிடுவேன். இங்க இந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு நானே ஓட்டி, நானே பயப்பட வேண்டியிருக்கு.

— பயமா இருந்தா திரும்பிடலாம். நான் காலையிலேர்ந்து அதத்தான சொல்றேன்.

— காலையிலேர்ந்தா? நேத்துலேர்ந்து சொல்றீங்க.

— உன் புருஷன்தான் அடுத்த மாசம் வர்றேன்னு சொல்லியிருக்கானே.

— அந்த அடுத்த மாசம் எத்தன தடவ வந்துட்டுப் போயிடுச்சு அத்தை? ஸ்கூல மூடிட்டு, எனக்கு வேலை கிடைச்ச மணல்காட்டு பம்ப் ஸ்டேஷனுக்கு என்கூட வா, குவார்ட்டர்ஸ் குடுத்திருக்காங்கன்னாரு. நான் வரலன்னேன். சண்ட போட்டுட்டுப் போனவரு, அன்னிலேர்ந்து என் போன எடுக்கல, நானும் போடறத நிறுத்திட்டேன். பெத்த தாய்கிட்ட மட்டும் ஞாயித்துக்கிழம தவறாம பேசறாரு. நீங்க பால்கனில நின்னு 'சாப்பிட்டியாடா, இளைச்சிட்டியாடா'ங்கறீங்க. நான் சமையல்கட்டுல நின்னு, அந்தப் பக்கம் அவர் என்ன சொல்லியிருப்பாருன்னு நானா நினைச்சுக்கறேன்.

— நான்தான் உள்ள வந்ததும் ஒண்ணு விடாம சொல்றேனே.

— சொல்றீங்க. 'உன் கழுத்து வலி எப்படி இருக்குன்னு கேட்டான்', 'ராத்திரி கிளாஸ் எடுக்காதன்னு சொன்னான்'. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்ப நான் சொல்ல வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. அத உங்க வாய் வழியா சொல்ல முடியாது. நேர்ல நின்னு, அவர் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்.

— அப்படி என்ன விஷயம், எனக்குத் தெரியாம?

— சொல்றேன். அங்க போனதும் நீங்களும்தான இருப்பீங்க.

— நீ ஒரு முடிவு எடுத்துட்டா மாத்த மாட்ட. என்னமோ போ.

— சாதா கார் அங்க வராது, மணல்ல மாட்டிக்கும், அதுல வராதன்னு அவர் அப்பவே சொல்லுவாரு. அதான் மாட்டாத வண்டியா பாத்து வாங்கிட்டு வந்துட்டேன். வெளிச்சம் போறதுக்குள்ள அவர் வாசல்ல நிக்கணும். அவ்ளோதான்.

— ஏன் நிறுத்தற? நிறுத்தக் கூடாதுன்னியே.

— இங்க தரை கெட்டியா இருக்கு, பரவால்ல. முன்னாடி மேடு தெரியுதா? அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியாம ஏறக் கூடாது. நடந்து போய் எட்டிப் பாத்துட்டு வந்துடறேன். எஞ்சின் ஓடட்டும், உங்களுக்கு ஏசி வேணும்ல. எதையும் தொட்டுடாதீங்க.

— நான் எதத் தொடப் போறேன். பாத்துப் போ. செருப்பப் போட்டுக்க, மணல் சுடும்.

— வந்துட்டேன். பயந்துட்டீங்களா?

— இல்ல. எதுக்கு பயம்.

— நெத்தியெல்லாம் வேர்த்திருக்கு உங்களுக்கு.

— ஏசி பத்தல.

— தண்ணி குடிங்க. நல்ல செய்தி சொல்லவா? அந்தப் பக்கம் சரிவு சுலபமாத்தான் இருக்கு. கீழ கொஞ்ச தூரம் மட்டும் மணல் பொசபொசன்னு இருக்கு, அதத் தாண்டிட்டா அப்புறம் டிராக்டர் போன தடம். ஏறிடுவோமா?

— ஏறித்தான் ஆகணுமா?

— பிடிச்சுக்கங்க. இப்ப வேகம் குறையக் கூடாது. ம், ஏறுது, ஏறுது. பாத்தீங்களா. உங்க மருமக கையில வண்டி எப்படிப் போகுது பாருங்க.

— பாக்கறேன்.

— இறங்கறோம். பிரேக் போட மாட்டேன், போட மாட்டேன். கால எடுத்துட்டேன். என்ன அத்தை இது, பின்பக்கம் உக்காருது.

— என்னாச்சு?

— இழுக்க மாட்டேங்குது. மிதிக்க மிதிக்க உள்ள போகுது.

— அப்ப மிதிக்காத.

— மிதிக்கல. நின்னுடுச்சு. புதைஞ்சிட்டோம்.

— நல்லதாப் போச்சுன்னு நினைச்சுக்க. ஏதோ நமக்கு இன்னிக்குப் போக வேண்டாம்னு இருக்கு. திரும்பிடலாம்.

— திரும்பறதுக்கும் வண்டி நகரணும் அத்தை.

— ஆமால்ல.

— நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன். சரிவுல பிரேக்க லேசா தொட்டுட்டேனோ என்னமோ. என்கிட்ட படிச்ச பொண்ணு யாராவது இதப் பாத்தா, கட்டின ஃபீஸத் திருப்பிக் கேப்பா. நீங்க இறங்குங்க, வண்டி இலேசாகட்டும். மெதுவா. என் தோளப் பிடிங்க. முழங்கால மடக்காம இறங்குங்க.

— என்னை விடு. நான் என்ன கண்ணாடிப் பொம்மையா.

— போன வாரம் படியில இறங்க முடியாம என் பேர சொல்லிக் கத்தினது யாரு? இந்த நிழல்ல உக்காருங்க. துண்ட விரிச்சுத் தர்றேன், மணல் கொதிக்குது. நான் பின்சக்கரத்துக்கிட்ட தோண்டறேன்.

— எங்கம்மா இருக்கு மண்வெட்டி?

— அண்ணன் பின்னாடி வச்சு விட்டிருக்காரு. நல்ல மனுஷன். 'நாலுல வச்சுட்டா யானை மாதிரி நடக்கும் மேடம், நீங்களா புதைக்கணும்னு நினைச்சாத்தான் புதையும்'னாரு.

— அவர் சொல்லுவாரு. வண்டிக்காரங்க யாரு அவங்க வண்டியக் குறை சொல்லியிருக்காங்க.

— அத்தை.

— ம்.

— இங்க வாங்களேன். வேண்டாம், உக்காந்தே இருங்க, நானே சொல்றேன். பின்சக்கரம் ரெண்டும் கிணறு வெட்டியிருக்கு. முன்சக்கரத்துகிட்ட ஒரு பிடி மணல் கூட கலையல. அது சுத்தவே இல்ல.

— எனக்கென்னம்மா தெரியும்.

— நாலு சக்கரமும் சுத்தியிருந்தா நாலும் தோண்டியிருக்கணும். இருங்க, உள்ள ஏறிப் பாக்கறேன்.

— விடு, வெயில்ல அலையாத. கொஞ்சம் உக்காரு.

— ஸ்விட்ச் ரெண்டுல இருக்கு.

— சரியா வைக்காம விட்டிருப்ப.

— இல்ல. மணல் ஆரம்பிச்ச இடத்துல, காத்த இறக்கிட்டு வந்து, இந்தக் கையால நாலுல வச்சேன். பச்சை லைட் எரிஞ்சுது. 'பாருங்க அத்தை, பச்சை விளக்கு'ன்னு உங்ககிட்ட காட்டினேன். நீங்க கூட 'சிக்னல் விழுந்துடுச்சு, கிளம்பு'ன்னீங்க.

— அப்ப தானா மாறியிருக்கும். மெஷின்தான.

— தானா மாறாது.

— இல்லன்னா கை பட்டிருக்கும். நான் தண்ணி பாட்டில எடுக்கும்போது தெரியாம பட்டிருக்கும்.

— பட்டா திரும்பற ஸ்விட்ச் இல்ல இது. விரலால பிடிச்சு முறுக்கணும்.

— ஏம்மா, என்னை என்ன போலீஸ் மாதிரி கேக்கற? வயசானவ. கை நடுங்குது, எங்க வைக்கறோம்னே தெரியல. பட்டிருந்தா பட்டிருக்கும். அதுக்குப் போய்.

— சரி. விடுங்க. கோச்சுக்காதீங்க.

— கோவமெல்லாம் இல்ல.

— லைட் அணைஞ்சதக் கவனிக்காதது என் தப்பு. மணலப் பாத்தேனே தவிர மீட்டரப் பாக்கல. நாலுல வச்சுட்டேன், இப்ப எடுத்துப் பாக்கறேன். தள்ளிக்கங்க.

— வருதா?

— இல்ல. லேட்டாயிடுச்சு. வண்டி வயிறு மணல்ல உக்காந்துடுச்சு. இனிமே யாராவது இழுத்தாத்தான் உண்டு.

— ஏதோ சத்தம் கேக்குது பாரு.

— டிராக்டர். அண்ணா, இங்க, இந்தப் பக்கம்.

— பாத்துட்டேன் பாத்துட்டேன். கைய ஆட்டாதீங்க மேடம், கை வலிக்கும். விஷயம் என்னன்னா, நான் அந்த பொசபொச மணல்ல நிறுத்தினா நானும் உங்க பக்கத்து வீட்டுக்காரன் ஆயிடுவேன். டேங்கர் பூரா தண்ணி. அதான் கெட்டித் தரையில நிறுத்திட்டு நடந்து வந்தேன். என்ன, உக்காந்துடுச்சா?

— உக்காந்துடுச்சுங்கண்ணா. ரெண்டு சக்கரத்துலயே ஓட்டிட்டு வந்துட்டேன், தெரியாம.

— எல்லாரும் பண்றதுதான். நானே ஒரு தடவ ஹேண்ட்பிரேக்கோட டிராக்டர ஓட்டியிருக்கேன். விஷயம் என்னன்னா, நானும் வீட்டுக்காரியோட சண்ட போட்டுட்டு வந்திருந்தேன்.

— தம்பி, எங்கள ரோட்டுப் பக்கம் இழுத்து விட்டுடுப்பா. நாங்க திரும்பிப் போயிடறோம்.

— அத்தை, யார் சொன்னா திரும்பறோம்னு? அண்ணா, முன்பக்கம் இழுங்க. நாங்க அந்தப் பக்கம்தான் போறோம்.

— எந்தப் பக்கம்? அங்க ரோடு போடறவங்கதான் இருக்காங்க, உங்களப் பாத்தா அந்த ஆளுங்க மாதிரி தெரியலியே.

— பம்ப் ஸ்டேஷன்.

— எந்த பம்ப் ஸ்டேஷன்?

— தம்பி, உனக்கு நேரமாகப் போகுது. தண்ணி இறக்கணும்ல.

— இருங்கம்மா, அவங்க ஏதோ சொல்றாங்க. எந்த பம்ப் ஸ்டேஷன் மேடம்?

— இந்தத் தடத்துலயே போனா வருமே, குவார்ட்டர்ஸ் கூட இருக்கே. என் வீட்டுக்காரர் அங்க ஆப்பரேட்டரா இருக்காரு.

— தப்பா நினைச்சுக்காதீங்க. அங்க யாரும் இல்லையே. போன மழைக்கு முன்னாடியே மூடிட்டாங்க. மெஷின் எல்லாத்தயும் கழட்டி லாரில ஏத்திட்டுப் போனத நான்தான் நின்னு பாத்தேன். இப்ப ஒரு பூட்டும் நாலு சுவரும்தான் இருக்கு.

— வேற ஸ்டேஷனா இருக்கும்பா.

— இந்த மணல்ல வேற ஏதும்மா. தினமும் நான் அந்த வழியாத்தான் ரோடு போடறவங்களுக்குத் தண்ணி கொண்டு போறேன். சரி, எதுக்கும் நீங்க போன் பண்ணிக் கேட்டுக்கங்க. இந்தத் தண்ணிய இறக்கிட்டு, டேங்கரக் கழட்டிட்டு, சங்கிலியோட வர்றேன். இறக்கற நேரம்தான். வண்டிய விட்டு எங்கயும் நடந்து போயிடாதீங்க.

— வாங்கண்ணா. நாங்க எங்க போகப் போறோம்.

— நீயும் இப்படி நிழல்ல வந்து உக்காரு. மூஞ்சி செவந்து போச்சு.

— போன எடுங்க அத்தை.

— எதுக்கு?

— அவருக்குப் போடுங்க. என் நம்பர்னா எடுக்க மாட்டாரு. உங்க நம்பர்ல எடுப்பாருல்ல.

— சிக்னல் இருக்காது.

— எனக்கு முழு சிக்னல் காட்டுது.

— வேலையில இருப்பான்.

— எந்த வேலையில? ஒரு பூட்டும் நாலு சுவரும்னு அவர் சொன்னது உங்க காதுல விழல?

— டிராக்டர்காரன் பேச்செல்லாம் ஒரு பேச்சா.

— அவர் சொன்னப்ப நான் உங்க மூஞ்சியப் பாத்தேன் அத்தை. நீங்க அதிர்ச்சியே ஆகல. நான்தான் ஆனேன்.

— வெயில்ல எனக்கு மூஞ்சி எப்படி இருந்துச்சோ.

— கவனிங்க. கிளட்ச்ச டபக்குனு விட்டுட்டு, நான் விடவே இல்ல மேடம்னு சத்தியம் பண்ற பொண்ணுங்கள தினமும் பாக்கறவ நான். கால் என்ன பண்ணுச்சுன்னு அவங்க கண்ணு சொல்லிடும். உங்க கண்ணு காலையிலேர்ந்து என்னைப் பாக்கல. நான் மேட்டப் பாக்க இறங்கிப் போனப்ப அந்த ஸ்விட்ச நீங்கதான் திருப்பினீங்க.

— அந்தத் தண்ணி பாட்டில இப்படிக் குடும்மா.

— டீ குடிச்சிக்கிட்டே ஒர்க்‌ஷாப் அண்ணன் சொன்ன பாடத்த என்னைவிட நல்லாக் கேட்டிருக்கீங்க.

— ரெண்டுல வச்சா சும்மா கொஞ்சம் மாட்டும், நீ பயந்து போய்த் திரும்பிடுவன்னு நினைச்சேன். இப்படி வயிறு வரைக்கும் போகும்னு எனக்குத் தெரியாது.

— எதுக்கு?

— நீ அங்க போய், அந்தப் பூட்டப் பாத்துடக் கூடாதுன்னுதான்.

— அப்ப உங்களுக்குத் தெரியும்.

— தெரியும்.

— அவர் எங்க?

— தெரியாது.

— அத்தை, மழுப்பாதீங்க.

— சத்தியமா தெரியாதும்மா. ஸ்டேஷன மூடினப்ப ஒரு தடவ கூப்பிட்டான். வேலைய விட்டுட்டேன், வேற நாட்டுக்குப் போறேன், இந்த நம்பர் இனிமே இருக்காதுன்னான். எப்ப வருவடான்னு கேட்டேன். வர மாட்டேன்னான். உன் பொண்டாட்டிக்கு நான் என்ன சொல்லட்டும்னு கேட்டேன். உனக்கு என்ன தோணுதோ சொல்லிக்கன்னு வச்சுட்டான். அவ்ளோதான்.

— அதுக்கப்புறம்?

— அதுக்கப்புறம் என்ன. ஒண்ணும் இல்ல.

— ஒண்ணும் இல்லன்னா? போன ஞாயித்துக்கிழம பேசினீங்க. ஏதோ சொல்லி விழுந்து விழுந்து சிரிச்சீங்க. என்ன அத்தை அப்படி ஜோக்குன்னு நான் கூட கேட்டேன்.

— போன காதுல வச்சா சிரிப்பு தானா வருது. பழகிடுச்சு. உனக்கு இண்டிகேட்டர் மாதிரி.

— மணி அடிச்சுதே.

— அலாரம். கீழ்வீட்டுப் பொண்ணுகிட்ட, மாத்திர போடணும், வாராவாரம் அடிக்கற மாதிரி வச்சுக் குடுன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன்.

— ஒவ்வொரு வாரமுமா?

— ஒவ்வொரு வாரமும்தான். அந்தப் பக்கம் யாரும் இல்லாம பேசறது லேசுன்னு நினைக்காத. ஒரு கேள்வி கேட்டுட்டு, அவன் பதில் சொல்ற நேரம் பேசாம நிக்கணும். அந்த நேரத்துல அவன் என்ன சொல்லுவான்னு நானே யோசிச்சுக்குவேன். கெட்டிக்காரப் பிள்ளையா, பாசமான பிள்ளையா நினைச்சுக்குவேன். போகப் போக எனக்கே, நிஜமாவே அவன் பேசறான்னு தோணும். வச்சதும்தான் ஞாபகம் வரும்.

— என் கழுத்து வலி?

— நீ தூங்கும்போது முனகுவ. நான் கேட்டுக்கிட்டுதான் படுத்திருப்பேன். அத அவன் கேட்டான்னு சொன்னா உனக்கு வலி கொஞ்சம் குறையும்னு நினைச்சேன்.

— குறைஞ்சுது அத்தை. நீங்க அப்படிச் சொன்ன அன்னிக்கெல்லாம் குறைஞ்சுது. அதான் இப்ப எனக்கு வயிறு எரியுது. என் தலையில இவ்ளோ மிளகா அரைச்சிருக்கீங்க. அதுவும் என் வீட்டு சமையல்கட்டுல, நான் குடுத்த டம்ளர்ல காபி குடிச்சுக்கிட்டு.

— திட்டு. நல்லாத் திட்டு. எனக்கு வேணும்.

— ஒரு நாள் நான் வெட்கத்த விட்டு உங்ககிட்ட சொன்னேன். நான் அன்னிக்குப் பேசினது தப்பு, அதுக்காக மன்னிப்பு கேக்கறேன்னு அவர்கிட்ட சொல்லுங்கன்னு. என் வாயால அவர்கிட்ட அதச் சொல்ல எனக்கு அவ்ளோ நாள் ஆச்சு. நீங்க பால்கனிக்குப் போனீங்க. கதவச் சாத்திக்கிட்டீங்க. உள்ள வந்து, 'கேட்டதும் அவன் அழுதுட்டாம்மா'ன்னீங்க.

— அழுகை நிஜம்மா. ஆளத்தான் மாத்திச் சொல்லிட்டேன்.

— இப்படியெல்லாம் பேசி என்னை இளக வைக்காதீங்க. நான் இப்ப கோவமா இருக்கணும். காலேஜ் படிப்பு முடிச்ச பொண்ணு, சொந்தமா ஒரு ஸ்கூல் நடத்தறவ, ஊமை போனுக்குப் பதில் சொல்லி அனுப்பிக்கிட்டு இருந்திருக்கேன். எவ்ளோ கேவலம். அவர் விட்டுட்டுப் போனது கூட வலிக்கல அத்தை. அத எதிர்பாத்தே இருந்தேன் போல. உங்கள எதிர்பாக்கல.

— எனக்கு வேற வழி தெரியல.

— 'அவன் போயிட்டான்'னு ஒரு வார்த்த சொல்ல எவ்ளோ நேரம் ஆகும்?

— சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. அதுக்கு அடுத்த நிமிஷம் என்ன ஆகும்? நீ எனக்கு யாரு? நான் பெத்த பொண்ணா? அவன் கட்டினதால வந்தவ. அவனே வேண்டாம்னு போயிட்டா, உனக்கும் எனக்கும் நடுவுல என்ன இருக்கு? நீ எதுக்கு என் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கணும், எனக்கு மீன் முள்ள எடுத்து வைக்கணும்? சின்ன வயசு உனக்கு. நாலு பேர் நல்லது சொல்லுவாங்க. நீ உன் வழியப் பாத்துக்கிட்டுப் போவ. அது நியாயம்தான். அந்த நியாயத்த நினைச்சா எனக்கு ராத்திரி தூக்கம் வராது.

— என்னைப் பத்தி அவ்ளோதான் தெரியுமா உங்களுக்கு?

— பிள்ளையப் பத்தி எல்லாம் தெரியும்னு நினைச்சுக்கிட்டு இருந்தவம்மா நான். அதுக்கப்புறம் யாரப் பத்தியும் எதுவும் தெரியும்னு சொல்லிக்க எனக்கு தைரியம் வரல.

— என்னைக் கேட்டிருக்கலாம். நீயும் போயிடுவியான்னு ஒரே ஒரு தடவ கேட்டிருக்கலாம்.

— இப்ப கேக்கறேன். அன்னிக்குக் கேட்டிருந்தா, போக மாட்டேன்னு சொல்லியிருப்பியா?

— டிராக்டர் சத்தம் கேக்குது. எழுந்திரிங்க.

— கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா.

— அன்னிக்குக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அந்த நேரத்துல நிச்சயமா சொல்லியிருப்பேன்.

— பாத்தியா. அதான் நீ. எனக்குத்தான் நம்பத் தெரியல. இன்னிக்குக் கூட, அவனக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து, மூணு பேரும் ஒரே வீட்டுல இருக்கணும்னுதான இந்த வெயில்ல, தெரியாத வண்டிய, உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டிட்டு வந்திருக்க. உன்னைப் போய் நான் பாதி வழியில புதைச்சுட்டேன். வா, வீட்டுக்குப் போலாம். இனிமே எங்கிட்டயிருந்து ஒரு பொய் வராது. இந்தக் கைய மட்டும் உதறிடாத.

— அவரக் கூட்டிட்டு வர நான் வரல அத்தை. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம நீங்க பேசினதக் கேட்டுக் கேட்டு, இவ்ளோ பாசமான பிள்ளை அம்மாவ நல்லாப் பாத்துக்குவான்னு நம்பி, உங்கள அவர்கிட்ட விட்டுட்டு நான் மட்டும் திரும்பிப் போகத்தான் வந்தேன்.